108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர்வதா, அவசர சிகிச்சையில் பட்டம் படிப்பதா?

வைப்பாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவள், விலங்கியலில் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். எங்கள் பகுதியில் நடைபெறவிருக்கும் 108 ஆம்புலன்ஸ் வேலைவாய்ப்பு முகாமின் அறிவிப்பைப் பார்த்தேன். செவிலியர் படிப்பு முடித்தவர்களோடு, விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களும் மருத்துவ உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், தேர்வாகிறவர்களுக்கு 50 நாள் பயிற்சி அளிக்கப்படும் என்றும் அதில் உள்ளது.

விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் முறையாக ஒரு பட்டமே படித்துவிட்டு இத்துறைக்கு வரலாம் என்று என் கல்லூரி ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். அதற்கு மீண்டும் நான்கு ஆண்டுகள் ஆகும். அப்பா ஒரு சிறு விவசாயி. தம்பி இன்னும் பள்ளியில் படிக்கிறான். ஆகவே நான்கு ஆண்டுகள் என்பது எங்கள் வீட்டில் எளிதாகப் பேசக்கூடிய செய்தியாக இல்லை.

நான் அறிய விரும்புபவை இவைதாம். மருத்துவப் பின்னணியே இல்லாத ஒருவரை 50 நாட்களில் ஆம்புலன்ஸில் தனியாக நோயாளியைப் பார்க்கும் அளவுக்குத் தயார்ப்படுத்த முடியுமா? இரவுப் பணி பெண்களுக்கு எப்படி இருக்கிறது? (அம்மாவின் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் இதுதான்.) இந்த அனுபவத்தை வைத்துப் பின்னர் வெளிநாடு செல்ல முடியுமா? துறையில் இருப்பவர்கள் விரிவாகப் பதில் அளித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேற்குமலை

வணக்கம் தங்கை. நான் கோவை மாவட்டத்தில் பல ஆண்டுகளாக 108-இல் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றுகிறேன். நானும் உன்னைப் போல அறிவியல் பட்டதாரியாகத்தான் நுழைந்தேன். செவிலியர் படிப்பு படித்தவள் இல்லை.

முதலில் தேர்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு இருக்கும். அதில் தேறியவர்களிடம் உடற்கூறியல், முதலுதவி, அடிப்படைச் செவிலியம் ஆகியவற்றில் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள். பிறகு மனிதவளத் துறையின் நேர்காணல். விலங்கியல் படித்த உனக்கு இதயம், நுரையீரல், இரத்த ஓட்டம் எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்பதால் இதில் பெரிய தடை இருக்காது. 2023-ஆம் ஆண்டு முகாம்களில் மருத்துவ உதவியாளருக்கு அறிவித்த மொத்த ஊதியம் மாதம் 15,000 முதல் 16,000 ரூபாய் வரைதான். 12 மணி நேரப் பணி, பகலும் இரவும் மாறி மாறி வரும், பணியிடம் மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் அமையலாம். வீட்டில் கணக்குப் போடும்போது இவை அனைத்தையும் சேர்த்துப் போட வேண்டும்.

50 நாள் பயிற்சி போதுமா என்று கேட்டிருக்கிறாய். அது வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று பிரிந்திருக்கும். மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பது, கையால் அழுத்தும் ஆம்பு பையால் மூச்சுக் கொடுப்பது, நெஞ்சை அழுத்தும் முறை, கழுத்துப் பட்டை அணிவித்து முதுகுப் பலகையில் மாற்றுவது, பிரசவம் பார்ப்பது ஆகியவற்றைப் பொம்மையின்மீதும் பிறகு மருத்துவமனையிலும் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். நெஞ்சை அழுத்துவதற்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பதை வாயால் சொல்வது எளிது. இரண்டாவது நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறையத் தொடங்கும்போதுதான், ஆளை மாற்றச் சொல்லி ஏன் வலியுறுத்துகிறார்கள் என்பது விளங்கும்.

பயிற்சியில் முழுமையாகக் கற்க முடியாதது, ஓடுகிற வண்டிக்குள் நோயாளியை மதிப்பிடுவதுதான். சைரன் ஒலியிலும் வண்டியின் அதிர்விலும் ஸ்டெதஸ்கோப்பில் எதுவும் கேட்காது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, கையில் கட்டிய இரத்த அழுத்தப் பட்டையின் காற்றை மெதுவாக இறக்கி, துடிப்பு திரும்பும் இடத்தை இரத்த அழுத்தத்தின் மேல் அளவாக எழுதிக்கொள்ளப் பழக வேண்டும். மயக்கத்தில் இருக்கும் எவருக்கும், மது வாசனை வீசினாலும் வீசாவிட்டாலும், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்காமல் நகரக் கூடாது. குடிபோதை என்று உறவினர்கள் ஒதுக்கி வைத்திருந்த சிலர், சர்க்கரை மிகவும் இறங்கிப்போனவர்களாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மலையில் ஆக்ஸிஜன் கணக்கும் முக்கியம். பி வகை சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் இரண்டரை மணி நேரம்தான் வரும். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மழையோ யானையோ வழியை மறித்தால், அந்தக் கணக்கைப் புறப்படும் முன்பே போட்டிருக்க வேண்டும்.

மருந்து கொடுப்பது போன்ற முடிவுகளில் நீ தனியாக விடப்படுவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் மருத்துவர் ஒருவர் இருப்பார். நோயாளியின் நிலையைத் தொலைபேசியில் சொல்லி அவருடைய அறிவுரையின்படிச் செய்து, அதைப் படிவத்தில் எழுத வேண்டும். ஆனால் நோயாளியைப் பார்க்கும் கண் உன்னுடையது மட்டுமே என்பதால், நீ சரியாகச் சொன்னால்தான் அவரும் சரியாகச் சொல்ல முடியும்.

108-க்கு வரும் அழைப்புகளில் பிரசவத்துக்கும் சாலை விபத்துக்கும் பெரும் பங்கு உண்டு. குழந்தையின் தலை தெரியத் தொடங்கிவிட்டால், மருத்துவமனை அருகில்தானே இருக்கிறது என்று ஓட்டக் கூடாது; வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பிரசவத்தைப் பார்க்க வேண்டும். குழந்தையை உடனே துடைத்து, தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்துவது வரை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு தாயின் இரத்தப்போக்கைப் பார்ப்பதைத்தான் மகிழ்ச்சியில் மறந்துவிடுகிறார்கள்.

இரவுப் பணி பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல். வண்டியில் நீயும் ஓட்டுநரும் (நாங்கள் பைலட் என்போம்) மட்டுமே இருப்பீர்கள். வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் அரசு மருத்துவமனை, ஆரம்பச் சுகாதார நிலையம், காவல் நிலையம் போன்றவற்றை ஒட்டியே இருக்கும். வண்டி எங்கே இருக்கிறது என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். பெண்கள் ஏராளமானோர் இந்தப் பணியில் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் தொல்லை பைலட்டுகளிடமிருந்து வந்ததில்லை. அடிதடி, விபத்து நடந்த இடங்களில் குடித்துவிட்டு வண்டிக்குள் ஏற முயலும் கூட்டத்திடமிருந்துதான் வந்திருக்கிறது. அப்போது உடன் வர ஒருவரை மட்டும் அனுமதித்துக் கதவைச் சாத்தும் துணிவு வேண்டும். கழிப்பறை வசதி இடத்துக்கு இடம் மாறும். சேர்ந்த முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்.

என் கருத்து: முதலில் சேர்ந்து பார். ஓர் ஆண்டு வண்டியில் இருந்தால், இந்த வேலை உனக்கானதுதானா என்பது தெரிந்துவிடும். அது தெரியாமல் நான்கு ஆண்டுப் படிப்பில் பணம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிவப்பு மண்டலம்

நான் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். மேலே சகோதரி எழுதியதில் கடைசிப் பத்தியைத் தவிர மற்ற அனைத்தையும் ஏற்கிறேன்.

ஆம்புலன்ஸ் பணியாளரின் தரத்தை நாங்கள் அறிவது, நோயாளியை எங்களிடம் ஒப்படைக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான். ‘தாய்’ எனப்படும் தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு, வண்டி வந்து சேர்வதற்கு முன்பே மருத்துவமனைக்குத் தகவல் தரும் முறை ஏற்பட்டிருக்கிறது. வந்தவுடன் நோயாளிகளை அவர்கள் நிலையின் தீவிரத்துக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்புகிறோம். பக்கவாத நோயாளியின் உறவினர், ‘காலையில் எழுந்தபோது கை வரவில்லை’ என்பார். நல்ல மருத்துவ உதவியாளர், ‘நேற்று இரவு எத்தனை மணி வரை நன்றாகப் பேசினார்?’ என்று கேட்டு, அந்த நேரத்தை எழுதிக்கொண்டு வருவார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், எங்களுக்கு அந்த ஒரு வரி போதும். பாம்புக் கடியில் ஊரார் இறுக்கிக் கட்டிய கயிற்றை வழியிலேயே சட்டென்று அவிழ்த்துவிடாமல், கட்டிய நேரத்தைக் குறித்து, கால் அசையாதபடி வைத்துக் கொண்டுவருபவரும், பூச்சிமருந்து உட்கொண்டவரோடு காலிப் புட்டியையும் எடுத்துவருபவரும் எங்கள் வேலையில் பாதியைச் செய்து முடித்துவிடுகிறார்கள்.

கேட்டவர் விருதுநகர் மாவட்டம் என்பதால் தீக்காயத்தைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பணியமர்த்தப்பட்டால், பட்டாசு ஆலை விபத்து என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் பார்க்கும் நிகழ்வாக இருக்காது. வெடிவிபத்து நடந்த இடத்தில், தீயணைப்புத் துறையினர் அனுமதிக்கும் வரை உள்ளே செல்லக் கூடாது; இரண்டாவது வெடிப்பு உதவ வந்தவர்களைத்தான் தாக்கும். வெளியே கொண்டுவரப்பட்டவரிடம் முதலில் பார்க்க வேண்டியது தோலை அன்று, மூச்சுக்குழாயை. மூக்கு முடி கருகியிருந்தாலோ, எச்சிலில் கரி தெரிந்தாலோ, குரல் கரகரத்தாலோ, அவர் இப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், சற்று நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு அடைபடலாம். அதை முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னால், குழாய் செலுத்துவதற்கு நாங்கள் ஆயத்தமாக இருப்போம். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வரும் முன் கழற்றிவிட வேண்டும். ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் குளிர்விப்பது நன்று. ஆனால் உடலின் பெரும்பகுதி வெந்தவருக்கு அதையே நீட்டித்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே சுத்தமான துணியால் மூடி, அதன்மேல் போர்த்திக் கொண்டுவர வேண்டும். பற்பசையும் மையும் பூசப்பட்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறோம். காயத்தின் ஆழத்தைக் கணிப்பதற்கு அது பெரும் இடையூறு.

இவற்றில் எதையும் 50 நாட்களில் கற்பிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘இதைச் செய்’ என்பதைக் கற்பிக்கலாம். ‘ஏன் செய்கிறோம், எப்போது செய்யக் கூடாது’ என்பதற்குக் காலம் வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ், விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. படிப்பு மூன்று ஆண்டுகளும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இது உண்டு. சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படையில் நடப்பதால், உங்களுடைய விலங்கியல் பட்டத்துக்கு அங்கே தனிச் சலுகை எதுவும் கிடையாது. நான்கு ஆண்டுகள் இயலாது என்றால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை டெக்னீசியன் என்ற ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கிறது.

படிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பர், அதாவது பாராமெடிக், தனித் தொழிலாக இடம்பெற்றிருக்கிறார். அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பல்கலைக்கழகப் படிப்பு உடையவர்களுக்கும் பணியிடப் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளி கூடும் என்பது என் கணிப்பு. முப்பது வயதில் அந்த இடைவெளியைத் தாண்டுவதைவிட இருபத்திரண்டு வயதில் தாண்டுவது எளிது.

வடமராட்சியான்

வணக்கம். நான் இலங்கையின் வட மாகாணத்தில், 1990 என்ற தொலைபேசி எண்ணில் இயங்கும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவையில் பணிபுரிகிறேன். எங்கள் சேவைக்கும் உங்களுடைய 108-க்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதால் எழுதுகிறேன். இந்தியாவின் நன்கொடையோடு 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை, 2018 யூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 108-ஐ நடத்திய நிறுவனமே தொடக்கத்தில் இதனையும் அமைத்துக் கொடுத்தது. முதல் அணியினர் ஹைதராபாத் சென்றே பயிற்சி பெற்றனர். பின்னர் 2018-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்றின்கீழ் மன்றமாக மாற்றப்பட்டு, இன்று அரசின் சேவையாக இயங்குகின்றது.

எனவே நீங்கள் பெறப்போகும் பயிற்சி எத்தகையது என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அதன் அடித்தளம் உறுதியானது. ஆனால் ஆறு மாதங்கள் கையில் எடுக்காத கருவியை அவசரத்தில் எடுத்தால் கை தடுமாறும். பிள்ளைகளுக்கான முகமூடியின் அளவு, உறிஞ்சு கருவியின் குழாய், கழுத்துப் பட்டையின் அளவெடுப்பு ஆகியவற்றை அழைப்பில்லாத நேரத்தில் சாரதியையே நோயாளியாக இருத்தி மீண்டும் மீண்டும் செய்து பாருங்கள். சாரதிகள் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, என்ன மருந்து எடுக்கிறீர்கள், எந்த மருந்து ஒவ்வாது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் ஆகிய கேள்விகளை நான் சிங்களத்திலும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் மாநிலத்தில் வட இந்தியத் தொழிலாளர்கள் பெருமளவில் இருப்பதாக அறிகிறேன். இதே கேள்விகளை இந்தியில் கற்றுக்கொண்டால், வைத்தியசாலையில் ஒப்படைக்கும்போது ‘பெயர் தெரியாது, மொழி புரியவில்லை’ என்று எழுத வேண்டி வராது.

துபாய் ராஜபாளையத்தான்

வெளிநாடு பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் வளைகுடாவில் ஆம்புலன்ஸ் பணியில் இருக்கிறேன்.

இங்கே உரிமம் இல்லாமல் நோயாளியைத் தொட முடியாது. உரிமத்துக்கு முதலில் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தின் பட்டமோ பட்டயமோ. அதன் பிறகே பணி அனுபவம். இரண்டையும் அந்தந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள் (டேட்டாஃப்ளோ என்பது இதுதான்); பிறகு கணினி வழித் தேர்வு. பணியில் அமர்த்திய நிறுவனம் கொடுத்த 50 நாள் பயிற்சியைக் கல்வித் தகுதியாகக் காட்ட முடியாது. அனுபவச் சான்றிதழாக அது மதிப்புடையதே. ஆனால் அடியில் பட்டம் இல்லாமல் அது தனியே நிற்காது. விலங்கியல் பட்டமும் 108 அனுபவமும் சேர்ந்து பாராமெடிக் உரிமம் பெற்றுத் தரும் என்று யாராவது முகவர் பணம் கேட்டால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (அடிப்படை, உயர்நிலை உயிர்காப்புப் பயிற்சி) அட்டைகளும் அப்படியே. அவை தேவை, ஆனால் இரண்டு ஆண்டுகளே செல்லுபடியாகும், பட்டத்துக்கு ஈடாகாது.

பிரிட்டனில் ‘பாராமெடிக்’ என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பணிப்பெயர், எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்யாமல் அப்பெயரைப் பயன்படுத்துவதே குற்றம். ஆகவே வெளிநாடு என்பது உறுதியான நோக்கம் என்றால் மருத்துவர் ஐயா சொன்ன வழிதான். வெறும் ‘பார்க்கலாம்’ என்ற ஆசை என்றால், அதற்காக இன்றைய முடிவை மாற்ற வேண்டியதில்லை.

வைப்பாற்றங்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு மேற்குமலை அக்காவின் பதிலை வாசித்துக் காட்டினேன்; கதவைச் சாத்தும் பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். முகாமுக்குச் செல்வதென்றும், வேலை கிடைத்தால் சேர்வதென்றும், அடுத்த சேர்க்கையின்போது ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புக்கு விண்ணப்பிப்பதைப் பற்றி மறுபடியும் பேசுவதென்றும் வீட்டில் தீர்மானித்திருக்கிறோம். ஒரே ஒரு சிறிய கேள்வி, கேட்கவே வெட்கமாக இருக்கிறது. பேருந்தில் நீண்ட தூரம் சென்றாலே எனக்குக் குமட்டும். இது தடையாகுமா?

மேற்குமலை

வெட்கப்பட ஒன்றுமில்லை, புதிதாக வருகிறவர்களில் பலருக்கு இது உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டு இருக்கையில் அமர்ந்து, குனிந்து படிவம் எழுதும்போதுதான் அதிகமாகும். நோயாளி இல்லாமல் திரும்பும்போது ஓட்டுநருக்கு அருகில் முன்பக்கம் பார்த்து உட்கார். வயிறு முட்டவும் சாப்பிடாதே, வெறும் வயிற்றோடும் ஏறாதே. படிவத்தில் நேரத்தையும் அளவுகளையும் மட்டும் வண்டிக்குள் குறித்துக்கொண்டு, மற்றவற்றை மருத்துவமனையில் வண்டி நின்ற பிறகு எழுதலாம். வாந்தியை நிறுத்தும் மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டு பணிக்கு ஏறக் கூடாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பழகிவிடும். பழகாவிட்டால், மலைப்பகுதி வேண்டாம், சமவெளியில் பணியிடம் கொடுங்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டுப் பார். முகாமுக்குக் கல்வி, வயது, முகவரி, அடையாளச் சான்றுகளின் அசலையும் நகலையும் எடுத்துச் செல். அசல் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள்.